கேளாமல் கேட்ட பாடல்கள்

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் இயற்கை கதவு வைக்கவில்லை. காண விரும்பாததைக் காணாதிருக்கலாம். பேச விரும்பாததைப் பேசாதிருக்கலாம். காற்று கொண்டு வருவதைக் கேளாதிருக்க இயலாது. வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்துச் செவிவழி வரும் அறிவைப் பெருஞ்செல்வமாகப் போற்றினார். அவர் கருதியது சான்றோர் சொல்லைக் கேட்டல். நான் இங்கே சொல்ல வருவது அதனினும் எளிய ஒன்று: பாட்டுக் கேட்டல்.

தமிழில் 'கேள்' என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு. செவிமடுத்தல் ஒன்று, வேண்டுதல் மற்றொன்று. நான் வேண்டிக் கேளாமலே என் செவிக்கு வந்து சேர்ந்த பாடல்கள்தாம் என்னை இசைக்கு ஆட்படுத்தின. முறையான இசைப்பயிற்சி எனக்குக் கிடையாது. இராகங்களில் நாலைந்தின் பெயர் தெரியும். அவற்றையும் பாடிக் காட்டத் தெரியாது. அறுபதாண்டுக் காலமாகக் கேட்டு வந்தவன் என்னும் ஒரே தகுதியில் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆராய்ச்சி என்று எண்ணாமல், திண்ணையில் அமர்ந்து ஒரு முதியவன் பேசுவதாகக் கொண்டு மாணவச் செல்வங்கள் படித்தருள வேண்டும்.

நிலமும் ஒலியும்

தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருள்களைத் தொகுக்கும் இடத்தில், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றின் வரிசையிலேயே பறையையும் யாழையும் வைக்கிறார். ஒரு நிலத்திற்கு நெல்லும் தினையும் எவ்வாறு உரியனவோ அவ்வாறே ஒலியும் உரியது என்பது அவர் கண்ட உண்மை. வகுப்பறையில் அந்நூற்பாவை நடத்தும்போதெல்லாம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே அதற்கு உரையாக என் முன் வந்து நிற்கும். ஒருபுறம் ஏலமலை, மறுபுறம் வருசநாட்டு மலை. நடுவே, 1895இல் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீர் இறங்கி வந்து 14,707 ஏக்கரில் இருபோக நெல்லை விளைவிக்கிறது. அண்ணாந்து பார்த்தால் குறிஞ்சி. குனிந்து பார்த்தால் மருதம்.

கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அங்கே ஏறிச் சென்று வழிபடுகின்றனர். சிலப்பதிகாரத்தில், கண்ணகி விண்ணேறியதைக் கண்ட மலைவாழ் மக்கள் குரவையாடிப் பாடுகின்றனர். இளங்கோவடிகள் அதனைக் 'குன்றக் குரவை' என்று ஒரு காதையாகவே அமைத்துவிட்டார். வியப்பு நேர்ந்தாலும் துயர் நேர்ந்தாலும் பாடிவிடுவது இம்மலைகளுக்குப் பழைய வழக்கம் போலும்!

பள்ளத்தாக்கில் ஒலி செல்லும் முறையும் சற்றுத் தனியானது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒலி மேலெழுந்து கலைந்து போகாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும் என்று இயற்பியல் கற்பித்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். காரணம் தெரியாத பருவத்திலேயே நாங்கள் அதன் பயனைத் துய்த்தோம். மாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கையில், எந்த ஊர்த் திருவிழா என்றே தெரியாத ஏதோ ஒரு பாட்டு வயல்களைக் கடந்து வந்து சேரும். காற்று திரும்பினால் பாதியில் மறைந்து, மீண்டும் வேறோர் அடியில் தலைகாட்டும். இடையில் விடுபட்ட அடிகளை நாங்களே நிரப்பிக்கொள்வோம்.

குழாயின் வழியே வந்தவர்கள்

அறுபதுகளில் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு வானொலி கிடையாது. திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் பொங்கல், சந்தனக்கூடு, மாதா திருவிழா, அரசியல் கூட்டம் எதுவாயினும் 'ரேடியோ செட்' கட்டினால்தான் அது ஊரறிந்த நிகழ்ச்சியாகும். தென்னை மரத்தின் உச்சியிலோ சவுக்குக் கம்பத்தின் முனையிலோ பெரிய ஊமத்தம்பூவைப் போல ஒலிபெருக்கிக் குழாய் விரிந்திருக்கும். அந்தக் குழாய் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். இடைநிலையும் உச்சமும் உடைய ஒலிகளையே தூக்கி எறியும். ஆகையால் மத்தள ஓசை மங்கிப் போனாலும் மனிதக் குரல் மட்டும் மலையடிவாரம் வரை செல்லும். உச்சத்தில் நின்று பாடவல்ல சீர்காழி கோவிந்தராசன், கே. பி. சுந்தராம்பாள், டி. எம். சௌந்தரராசன், நாகூர் ஈ. எம். ஹனிபா ஆகியோர் எங்கள் செவியை ஆண்டதற்கு அவர்தம் மேதைமையோடு இந்தக் குழாயும் ஒரு காரணம் என்பேன்.

எங்கள் ஊரில் ரேடியோ செட் வைத்திருந்தவர் ஒருவரே. எல்லாச் சமயத்தாருக்கும் அவரே. அவரிடம் இருந்த இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றே. இந்து வீட்டுத் திருமணம் என்றால் சீர்காழியாரின் விநாயகர் பாடல் முதலில் ஒலிக்கும். முசுலிம் வீட்டு நிக்காஹ் என்றால் ஹனிபாவின் பாடல் முதலில் வரும். தேவாலயத் திருவிழா என்றால் மாதா பாடல். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் ஒலிப்பவை ஒரே திரைப்பாடல்கள்தாம். முதற்பாட்டு வீட்டுக்காரருடையது, இரண்டாம் பாட்டு முதல் ஊருடையது. இதனைச் சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாமையாலேயே அது மீறப்படாமலும் இருந்தது.

அவருக்கு வேறொரு கலையும் கைவந்திருந்தது. அது பாட்டை நிறுத்தும் கலை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினால் சொல்லாமலே ஊசியைத் தூக்கிவிடுவார். தெருவழியே இறுதி ஊர்வலம் வந்தால் எட்டிப் பார்த்துச் சாதி கேளாமல் நிறுத்துவார். பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் மாதத்தில், வாடகைக்கு எடுத்தவர் வற்புறுத்தினாலும் குழாயை வயற்பக்கம் திருப்பிக் கட்டுவார். எங்கள் தலைமுறைக்குப் பொது ஒழுக்கம் கற்பித்தவர்களுள் அவரும் ஒருவர்.

வானொலி பரவியபின் இலங்கை வானொலி வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்த ஒலி, உள்நாட்டு நிலையங்களினும் தெளிவாகத் தேநீர்க் கடைகளில் ஒலித்தது. கே. எஸ். ராஜாவின் விரைந்த பேச்சையும் பி. எச். அப்துல் ஹமீதின் திருத்தமான தமிழ் உச்சரிப்பையும் கேட்பதற்கென்றே கடைப்பலகையில் இடம் பிடித்தவர்கள் உண்டு. பாடலுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என நால்வர் பெயரையும் அவர்கள் தவறாமல் சொன்னார்கள். பாடல் என்பது பலர் கூடிச் செய்யும் உழைப்பு என்பதை நான் அறிந்தது அந்தத் தேநீர்க் கடையில்தான்.

ஒரு குரலின் உயரம்

என் தந்தையார், எங்கள் வழக்கில் அத்தா, மளிகைக் கடை வைத்திருந்தார். திரைப்பாடல் அவருக்கு உவப்பானதன்று. கடையில் வானொலி வைக்கலாம் என்று யாரேனும் சொன்னால், "கணக்குப் போடுகிற காது இது" என்று மறுத்துவிடுவார். ஆனால் ஹனிபாவின் குரல் தொலைவில் கேட்டால் தராசைப் பிடித்த கை ஒரு கணம் நிற்கும். வாங்க வந்தவரும் அவசரப்படுத்தமாட்டார். அவரும் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்.

இசை ஆகுமா ஆகாதா என்னும் கருத்து வேறுபாடு சமுதாய அறிஞர்களிடையே நெடுங்காலமாக உண்டு. அதில் தீர்ப்புரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, மசலா, படைப்போர் என இசுலாமியத் தமிழ் இலக்கியம் வளர்த்தெடுத்த வகைகளுள் பல, ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்பதற்காகத் தோன்றியவை. உமறுப்புலவரின் சீறாப்புராண விருத்தங்களை இராகத்தோடு படித்துப் பொருள் சொல்லும் மரபு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைச் சமய வேறுபாடின்றிப் பாடினார்கள். நோன்புக் காலத்தில் சஹர் வேளைக்கு மக்களை எழுப்பத் தாயிரா கொட்டிப் பாடிவரும் பக்கீர்களின் குரலில் விழித்தெழுந்த தலைமுறை எங்களுடையது. ஹனிபா அந்த நெடிய மரபின் தொடர்ச்சி. மேடையும் இசைத்தட்டும் அவருக்குக் கிடைத்த புதிய திண்ணைகள்.

1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைத்துக்கொண்டவர் அவர். திராவிட இயக்க மேடைகளிலும் மார்க்க மேடைகளிலும் ஒரே குரலில் பாடினார். சங்கதிகளைக் குழைத்துக் காட்டும் பாடகர் அல்லர். நேராகச் சென்று நிற்கும் குரல். சொல் ஒன்றுகூடச் சிதையாது. எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் பொருள் விளங்கிக்கொள்வர். 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில், விசுவநாதன் - இராமமூர்த்தி இசையில், டி. எம். சௌந்தரராசனோடு அவர் இணைந்து பாடிய பாடலை எங்கள் ஊரில் பொங்கலுக்கும் போட்டார்கள்; பெருநாளுக்கும் போட்டார்கள். இறைவனை நோக்கிக் கையேந்தச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாடலை முழுமையாக மனப்பாடமாகச் சொல்லக்கூடிய இந்து நண்பர்கள் எனக்குப் பலர். அவர்களுள் எவரும் அதனைக் கற்க முயன்றவர் அல்லர், குழாய் கற்பித்துவிட்டது.

அவ்வாறே முருகன் மீது சௌந்தரராசன் பாடிய பாடல்கள் பலவற்றை நானும் அடி பிறழாமல் சொல்வேன். மதுரையில் 1922இல் பிறந்த அவருடைய குரலில் உள்ள தமிழ், எங்கள் வாய்த் தமிழுக்கு மிக நெருங்கியது. கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் அன்பர்களின் கூட்டம் எங்கள் பள்ளத்தாக்கை நிறைக்கும். அவர்கள் கொண்டுவரும் பாடல்களுள் தலையாயது 'ஹரிவராசனம்'. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த கே. ஜே. யேசுதாஸின் குரலில் அது மலைப்பாதையில் ஒலிக்கும்போது, கடையடைத்துவிட்டுத் திரும்பும் எங்கள் கால்களும் மெதுவாகவே நடக்கும்.

நாதசுரத்தின் பக்கம் வருகிறேன். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் பாடலை, எது கருவி எது குரல் என்று பந்தயம் கட்டிக் கேட்டோம். 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது, திரைக்குப் பின்னே வாசித்தவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்றும், அவர்கள் நம் மதுரைக்காரர்கள் என்றும் பெருமையோடு பேசிக்கொண்டோம். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, அல்லாஹ்வைத் தொழுத கையால் நாதசுரம் ஏந்திக் கோயில் விழாக்களில் வாசித்தார். 1998இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது. இதனை என் அத்தாவிடம் முன்பே சொல்லியிருக்க வாய்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. "வாசிப்பு சுத்தமா?" என்று மட்டுமே கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. எடைக்கல்லைப் பற்றியும் அவர் அப்படித்தான் கேட்பார்.

பண்ணைப்புரத்துப் பாட்டு

உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பள்ளத்தாக்கின் இசையைப் பேச இயலுமா? ஆனால் நான் இளையராஜாவிலிருந்து தொடங்கப் போவதில்லை. அவருடைய தமையனார் பாவலர் வரதராசனிலிருந்து தொடங்குகிறேன். பொதுவுடைமை மேடைகளில் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு பாடியவர் அவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி அது. அங்கே பாவலர் பாடினார். தொழிலாளர் அறிந்த மெட்டில், தொழிலாளர் பேசும் தமிழில் அவர் பாடியது, ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றிக்குத் துணை நின்றதாக இன்றளவும் பேசப்படுகிறது. பதின்பருவத்துத் தம்பி இராசையா அந்த மேடைகளில்தான் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கினார். பாசுகரும் கங்கை அமரனும் உடன் வளர்ந்தனர். மைக் இல்லாத இடத்தில் எப்படிப் பாடுவது, களைத்து வந்த கூட்டத்தை எந்த மெட்டு நிமிர வைக்கும் என்பனவற்றை அவர்கள் கற்ற கல்லூரி அந்த மேடைகளே.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் பாடல்கள் முதன்முதலாக எங்கள் குழாய்களில் ஒலித்த நாளை நான் மறவேன். எஸ். ஜானகியின் குரலில் வந்த அந்த மெட்டைக் கேட்டு, எங்கள் வீட்டில் நெல் புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி முறத்தை நிறுத்திவிட்டு, "இது நம்ம வயக்காட்டுப் பாட்டுல்ல?" என்றார். அரசவைப் பாராட்டுகள் ஆயிரம் வரலாம்; அந்த ஒரு வினாவுக்கு ஈடான விமர்சனத்தை நான் படித்ததில்லை. அதுவரை குழாய் எங்களுக்கு வெளியூர்ப் பாட்டைக் கொண்டுவந்தது. அன்று எங்கள் பாட்டை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தது.

அதன்பின் பள்ளத்தாக்கே படையெடுத்தாற்போல் ஆயிற்று. 1980இல் 'நிழல்கள்' படத்தில் மாலைப் பொழுதைப் பாடும் ஒரு பாடல், எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது. இயக்கியவர் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா. இசை பண்ணைப்புரத்து இளையராஜா. எழுதியவர் வைகை அணையால் பிறந்த ஊரை இழந்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. மூவரும் ஒரே மாவட்டத்தின் மண். பெரியகுளம் தந்த கவிஞர் மு. மேத்தா 1987இல் 'வேலைக்காரன்' படத்தின் பாடல்களை எழுதினார். 'கண்ணீர்ப் பூக்கள்' வழியாகப் புதுக்கவிதையைக் கல்லூரி மாணவர் கைகளில் சேர்த்த அவரே, திரையிலும் எளிய சொல்லின் வலிமையைக் காட்டினார். 1992இல் 'செம்பருத்தி' படத்திலும், 1997இல் 'ராமன் அப்துல்லா' படத்திலும் இளையராஜா தம் இசையில் ஹனிபாவைப் பாட வைத்தார். பண்ணைப்புரத்து ஆர்மோனியமும் நாகூர்க் குரலும் ஒன்றாகக் கேட்டபோது, என் சிறுவயது மாடியில் வெவ்வேறு திசையிலிருந்து வந்த இரண்டு குழாய்கள் ஒரு மரத்தில் கட்டப்பட்டது போலிருந்தது.

2025 மார்ச் 8 அன்று இலண்டன் மாநகரில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அச்செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். கூடவே பெயர் தெரியாத ஒரு கூட்டமும் என் நினைவில் வந்து நின்றது.

பெயர் எழுதப்படாதவர்கள்

முதல் போகத்திற்கு அணையைத் திறந்து, நாற்று முடிகள் வயலில் வந்து விழுந்தபின், குனிந்த முதுகுகளின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் எடுக்கும். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடும் விரலின் வேகத்திற்குப் பாட்டு தாளம். பாட்டின் நீளத்திற்கு வயலின் அகலம் அளவு. பாடுபவர் களைத்தால் அடுத்தவர் எடுப்பார். அவர்களுள் ஒருவர் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும். உச்சத்திற்குச் செல்லும்போது சற்று உடைந்து, உடைந்த இடத்திலேயே இனிக்கும் குரல். பின்னாளில் புகழ்பெற்ற பாடகியர் பலரைக் கேட்டுவிட்டேன். அந்த உடைவை மட்டும் எங்கும் கேட்கவில்லை. அவர் விடியலில் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கச் செல்வார். நடவுக் காலத்தில் வயலுக்கு வருவார். குறிஞ்சிக்கும் மருதத்திற்கும் அவர் பாட்டு ஒன்றே.

நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் 1960களிலேயே நாட்டுப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார்கள். அதனால் தமிழ் பிழைத்தது. இருந்தும் ஒரு குறை. சொல் அச்சில் ஏறியது, குரல் ஏறவில்லை. இன்று நடவு எந்திரம் வந்துவிட்டது. கூலிக்காரப் பெண்களின் முதுகு சற்று நிமிர்ந்தது நல்லதே; அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் எந்திரத்தின் ஓசைக்கு மேல் யாரும் பாடுவதில்லை. பாட்டைப் பிடித்துவைக்க ஒருவரும் இல்லாத இடத்தில் பாட்டு பாடியவரோடு போய்விடுகிறது.

செவிக்குக் கதவு வந்த காலம்

இன்று செவிக்குக் கதவு வந்துவிட்டது. கைப்பேசியும் காதில் செருகும் கருவியும் உலகத்துப் பாடல்கள் அனைத்தையும் ஒருவன் சட்டைப் பையில் வைத்துவிட்டன. வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்கலாம். நான் இளமையில் ஒரு பாட்டுக்காக ஆறு மாதம் காத்திருந்தவன். இதன் அருமையை அறிவேன். குழாய் ஒலிபெருக்கிக் காலம் பொற்காலம் என்று சொல்லவும் மாட்டேன். நோயாளியும் கைக்குழந்தையும் தேர்வு எழுதும் மாணவனும் அதனால் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தியது முறையே.

என் கவலை வேறு. வேண்டியதை மட்டும் கேட்கும் செவிக்கு வேண்டாதது என்று ஒரு பட்டியல் தானாகவே உருவாகிவிடுகிறது. ஒருமுறை கேட்ட வகையையே கைப்பேசி மறுமுறையும் எடுத்து நீட்டுகிறது. நம் விருப்பத்தையே நமக்குப் பரிமாறிப் பரிமாறி நம்மைச் சுருக்குகிறது. அண்மையில் மாணவர் சிலரோடு உரையாடினேன். ஹனிபாவின் பெயரை முசுலிம் மாணவர்கள் அறிந்திருந்தார்கள்; மற்றவர்கள் அறியவில்லை. சீர்காழியாரின் பெயரைச் சொன்னபோது நிலைமை தலைகீழாக இருந்தது. அவர்களிடத்தில் பகைமை சிறிதும் இல்லை. ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்து உண்பவர்கள். அடுத்த தெருவின் பாட்டு மட்டும் தெரியவில்லை. தெரியாத பாட்டு நாளடைவில் அந்நியப் பாட்டாகும். அந்நியப் பாட்டு ஒரு நாள் இரைச்சலாகத் தோன்றும். இரைச்சலிலிருந்து சண்டைக்கு வழி மிகக் குறுகியது என்பதை நாட்டு நடப்பு அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1984ஆம் ஆண்டுச் சித்திரையில் என் அத்தா மௌத்தானார். எங்கள் தெருவை அடுத்த மாரியம்மன் கோயிலில் அன்றுதான் பொங்கல் தொடக்கம். குழாய் கட்டி, முதற்பாட்டும் போட்டாயிற்று. செய்தி சென்ற சிறிது நேரத்தில் பாட்டு நின்றது. யாரும் சென்று வேண்டவில்லை. விழாக் குழுப் பெரியவர்கள் மூவர் வந்து எங்கள் வாயிலில் நின்றார்கள். "பூசை மட்டும் நடக்கும் தம்பி, அடக்கம் முடியும் வரை செட்டு பாடாது" என்றார்கள். அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோதும் தெரு அமைதியாகவே இருந்தது. மறுநாளும் பாட்டு வரவில்லை. மூன்றாம் நாள் மாலையில் என் தாயார் என்னை அழைத்து, "பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை ஆசையாய்க் கேட்கிறது, போய்ப் போடச் சொல்லு" என்றார். சென்று சொன்னேன். செட்டுக்காரர் இசைத்தட்டுகளைப் புரட்டி, ஹனிபாவின் பாட்டை முதலில் வைத்தார். மாரியம்மன் கோயில் பொங்கலில் அது முதற்பாட்டாக ஒலித்தது. கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் தாயார் முற்றத்தில் நின்று முழுவதும் கேட்டார்.

இசையால் நாம் பெற்ற பயன் என்ன என்று யாரேனும் வினவினால், இந்த நிகழ்ச்சியைத்தான் விடையாகச் சொல்வேன். ஒருவர் பாட்டை மற்றவர் அறிந்திருந்தமையால்தான் எதை எப்போது நிறுத்துவது, எதை எப்போது தொடங்குவது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. காதுக்குள் மட்டும் ஒலிக்கும் பாட்டு யாருக்கும் தொல்லை தருவதில்லை, மெய்தான். அதனை யாருக்காகவும் நிறுத்த வேண்டிய தேவையும் வருவதில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயை மீண்டும் மரத்தில் கட்ட வேண்டாம். உங்கள் கையிலுள்ள கருவியே போதும். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு பாட்டைத் தேடிச் செல்லுங்கள்; அது உங்கள் வீட்டுப் பாட்டாக இருக்க வேண்டாம். ஏலத் தோட்டத்துப் பாட்டோ, நடவுப் பாட்டோ, தாலாட்டோ, பக்கீர் பாட்டோ, மாதா கோயில் பாட்டோ எதுவாயினும் சரி. பாடுபவரின் இசைவு பெற்றுக் குரலோடு பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், செய்த வேலை, யாரிடம் கற்றார் என்னும் நான்கையும் பிழையின்றி எழுதுங்கள். பழைய வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டுக்கு நான்கு பெயர் சொன்னார்களே, அதே மரியாதை நம் வயற்பாட்டுக்கும் உரியது. நம் தமிழ்த்துறையில் ஓர் அலமாரி அதற்குப் போதும்.

எங்களுக்குக் கேளாமலே கிடைத்தது. நீங்கள் கேட்டுத்தான் பெற வேண்டும். அடுத்த தெருவுக்குப் போய், திண்ணையில் அமர்ந்து, "பாட்டி, ஒரு பாட்டுப் பாடுங்கள்" என்று கேளுங்கள். அவர் முதலில் வெட்கப்படுவார். பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வார். முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள்.